தேடுபொறிக்கு எழுதும் தமிழ்: கோவைப் பக்கங்கள்

கோயம்புத்தூர், கோவை, கோயமுத்தூர் என ஓர் ஊருக்கு மூன்று வழக்குகள் உள்ளன. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றியபோது இவ்வூரின் பெயரும் மாறியது. அம்மாதமே ஆணை திரும்பப் பெறப்பட்டது. எந்தப் பெயரில் தேடினாலும் தம் பக்கமே முதலில் வரவேண்டும் என்று இணையத்தில் எழுதுவோர் பலர் எல்லாப் பெயர்களையும் ஒரே பத்தியில் நிரப்புகின்றனர். ‘சிறந்த பல் மருத்துவர் கோவை’ என்பது போன்ற, வேற்றுமை உருபு உதிர்ந்த தொடர்கள் தலைப்பாகவே வருகின்றன. தேடுபவர் அவசரத்தில் அப்படித் தட்டச்சு செய்யலாம். எழுதுபவருக்கு என்ன அவசரம்?

இதனால் தமிழ் கெடுவதோடு பயனும் இல்லை. குறிச்சொற்களை மிகையாகத் திணிப்பதைக் கூகுள் தன் விதிகளில் ஸ்பேம் என்றே வகைப்படுத்துகிறது. பேரூர் பட்டீசுவரர் கோயில் பற்றிய பக்கத்தில் ‘கோவை கோயில்கள்’ என்று பத்து முறை எழுதிவிட்டு, நொய்யல் கரையையும் கனகசபைச் சிற்பங்களையும் நடை சாத்தும் நேரத்தையும் விட்டுவிட்டால், வந்த வாசகர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். மாற்றுப் பெயர்களை முதல் வரியில் ஒருமுறை தந்து, பிறகு ஒரே பெயரால் எழுதும் கலைக்களஞ்சிய வழக்கமே இதற்குப் போதுமானது.