அணைகளையும் திறனாய்வு செய்வோம்

ஒரு நாவல் வெளிவந்தால் குறை நிறை சொல்ல நம்மிடையே ஆளுக்குப் பஞ்சமில்லை. ஓர் அணையை அப்படி யாரும் ஆராய்வதில்லை. கல்லணைக்குப் போகிறோம், அந்தக் காலத்திலேயே என்ன அறிவு என்று வியக்கிறோம், கொண்டுபோன புளியோதரையைத் தின்றுவிட்டுத் திரும்புகிறோம். வியப்பது தவறன்று. ஆனால், வடிவமைப்புப் பொறியாளராக விரும்பும் மாணவர் வியப்போடு நின்றுவிட்டால் கல்லணை அவருக்கு எதையும் கற்பிக்காது.

ஒரு வடிவமைப்பை மதிப்பிட வேண்டுமானால், அது எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது என்று முதலில் கேளுங்கள். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளை கொள்ளிடம்; தென்கிளை காவிரி; இடையே ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் மிகுந்தது. தீவின் கிழக்கு முனையில் இரண்டு ஆறுகளும் மீண்டும் நெருங்குகின்றன. அங்கே காவிரி நீர் பள்ளமான கொள்ளிடத்துக்குள் இறங்கிவிடப் பார்க்கும்; இறங்கினால் தஞ்சை வயல்களுக்கு நீரில்லை. அதைத் தடுக்க எழுந்ததே கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை.

அது ஆற்றை முழுதாக மறிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். குறைந்த நீரைக் காவிரியில் நிறுத்திக்கொண்டு, பெருவெள்ளத்தைத் தன் தலைக்கு மேலே கொள்ளிடத்துக்கு வழியவிட்டது. நீளம் சுமார் 329 மீட்டர். நேர்கோடாக இராமல் வளைந்து செல்லும் உடல். உள்ளே களிமண்ணில் பதித்த முரட்டுக் கற்கள். அடியில் பாறை இல்லை, மணல்தான். மணல் சற்று அமிழ்ந்தால் கற்குவியலும் அமிழ்ந்து மீண்டும் ஊன்றிக்கொள்ளும். விறைப்பான சுவர் என்றால் வெடித்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிப் படுகை மணலேறி மேடிட்டது. நீர் கொள்ளிடத்தையே நாடியது. 1804-ஐ ஒட்டிக் கால்டுவெல் என்ற பொறியாளர் கல்லணையின் மேல் கற்களை நிறுத்தி உயர்த்தினார். மணல் மறுபடியும் சேர்ந்தது. வலித்த இடத்தில் பற்றுப் போட்டது போலாயிற்று அது.

அதன்பின் வந்த ஆர்தர் காட்டன், 1830-ஐ ஒட்டி, மணலை அடித்துச் செல்லக் கல்லணையில் மதகுகள் திறந்தார். அந்த வேலையில் பழைய அணையின் வயிற்றையே பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ஆழம் காண முடியாத மணலிலும் அடித்தளம் நிறுத்தலாம் என்பதைத் தமிழ்நாட்டின் பழைய கட்டுநர்களிடமே கற்றதாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். அவர் செய்த பெரிய காரியம் மற்றொன்று. நோய் தெரிவது தீவின் வாலில். அது பிறப்பது சுமார் 30 கிலோமீட்டர் மேற்கே, தீவின் தலையில் என்று கண்டார். 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை எழுந்தது. மணல் அடித்தளத்தில் ஊறும் நீரின் அழுத்தத்தைக் கணக்கிடும் முறையை ஏ. என். கோஸ்லாவும் உடன் உழைத்தவர்களும் 1936-இல்தான் நூலாக வெளியிட்டார்கள். சூத்திரம் வருவதற்கு நூறாண்டு முன்பே அணை வந்துவிட்டது!

இனிக் குறையைப் பார்ப்போம். மேலணை அளவுக்கு மிஞ்சி வேலை செய்தது. காவிரிக்குள் நீர் அதிகமாகப் பாய்ந்து அதன் படுகையை அரித்தது. 1840-களில் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தவும், காவிரித் தலைப்பில் படுகைச் சுவர் ஒன்று கட்டவும் நேர்ந்தது. இதைக் காட்டனின் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். கட்டி முடித்த பின்னும் ஆற்றை அளந்துகொண்டிருந்ததால்தான் பத்தாண்டுக்குள் பிழை தெரிந்தது, திருத்தவும் முடிந்தது.

2018 ஆகஸ்டு 22 அன்று அந்த மேலணையின் தென்பகுதியில் இருந்த 45 கதவுகளில் 9 கதவுகள் தூண்களோடு வெள்ளத்தில் போயின. அதே மாதம், சில நாள் முன்புதான், திருச்சியையும் ஸ்ரீரங்கத்துக்கு வடகரையையும் இணைத்த 1928-ஆம் ஆண்டுக் கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்திருந்தன. நல்லவேளையாக, 2016-இல் புதிய பாலம் திறந்தபின் வண்டிகள் பழையதில் போகவில்லை. மணல் அள்ளியதே காரணம் என்றனர் ஒரு சாரார். முதுமை என்றனர் மற்றொரு சாரார். எது உண்மையானாலும் எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான். தூண் எந்தப் படுகை மட்டத்தை நம்பி வடிவமைக்கப்பட்டதோ, அந்த மட்டம் இப்போதும் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் அளந்தவர் யார்?

நம் கல்லூரிகளின் தேர்வுத்தாளைப் பாருங்கள். உத்தரத்தின் நீளம் தரப்படும், பாரம் தரப்படும், இரும்பின் வலிமையும் தரப்படும். மாணவர் கணக்கைப் போட்டு விடை எழுதுகிறார். பாரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும்படி அவரை யாரும் கேட்பதில்லை. வெளியே வந்தாலோ யாரும் அதைத் தட்டில் வைத்துத் தருவதில்லை! மேலணையும் கல்லணையும் திருச்சி மாணவர்களுக்குப் பேருந்தில் போகும் தூரந்தான். இருந்தும் அவை பாடத்திட்டத்தில் ஒரு சுற்றுலாவாகவே நிற்கின்றன.

முக்கொம்பில் புதிய கதவணை 2022-இல் திறக்கப்பட்டது. சித்திரையில், மேட்டூர் திறக்கும் முன், ஒரு நோட்டும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் விழுந்து அடிக்கும் பக்கம் மணல் எவ்வளவு பள்ளமாகியிருக்கிறது என்று வரைந்துகொள்ளுங்கள். கதவுகளை ஏற்றி இறக்கும் லஸ்கரிடம் பேச்சுக் கொடுங்கள். எந்தக் கதவு முரண்டுபிடிக்கும், வெள்ளத்தில் நீர் எந்த மூலையில் சுழலும் என்பது அவருக்குத் தெரியும். அடுத்த சித்திரையிலும் போய் அதே இடத்தை அளந்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.