துறைமுகப் பேச்சில் பிரித்தானியத் தேர்தல்: ஒரு நோக்கு

தமிழ் உரைநடையின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அச்சேறிய உரையையே கருத்திற் கொள்வர். தொல்காப்பியர் நோக்கு இத்துணைக் குறுகியதன்று. செய்யுளியலில் உரையை வகைப்படுத்தும்போது, பொருள் பொதிந்த நகைமொழியையும் அவ்வகைகளுள் ஒன்றாக அவர் எண்ணினார். பிற்காலத்தார் அதனை ‘அரட்டை’ என்றும் ‘வம்பளப்பு’ என்றும் பெயரிட்டு இலக்கியத்தின் வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டனர். இத்தீர்ப்பு மறுபரிசீலனைக்குரியது. அதற்குத் திருகோணமலைத் துறைமுக வட்டாரத்துத் தேநீர்க்கடைப் பேச்சைவிட ஏற்ற சான்று கிடைப்பது அரிது.

2024 மே 22 ஆம் திகதி பிரித்தானியப் பிரதமர் ரிஷி சுனக் மழையில் நனைந்தவாறு பொதுத்தேர்தலை அறிவித்தார். வாக்களிப்பு ஜூலை 4 இல் நடைபெற்றது. இடைப்பட்ட ஆறு வாரங்களில் உட்துறைமுக வீதியை அண்டிய ஒரு தேநீர்க்கடை வாங்கில் நிகழக்கூடிய உரையாடலை மாதிரிக்காக இவ்வாறு அமைத்துக்கொள்ளலாம்:

“இந்த முறை லண்டனில ஆர் வருவான்?”

“ஆர் வந்தாலும் எங்கட மண்ணெண்ணெய் விலை இறங்கப் போறதில்ல. உன்ர மருமோன் ஆருக்குப் போடுறான்?”

“அவன் அங்க போடுவான். எங்கட உள்ளூராட்சித் தேர்தலுக்குத்தான் அரசாங்கத்திட்டக் காசில்லையாமே. அவனைக் கொஞ்சம் அனுப்பச் சொல்லோணும்.”

மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது பொழுதுபோக்கு. ஆயின் இம்மூன்று கூற்றுக்களையும் சற்று ஊன்றிப் படித்தல் வேண்டும். மண்ணெண்ணெய் இங்கு வெறும் அடுப்புப் பொருளன்று. சிறு படகுகளின் இயந்திரம் அதனாலேயே ஓடுகின்றது. 2022 ஆகஸ்ட் மாதத்தில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. இதே துறைமுகத்தின் மறுகரையிற் சீனன்குடாவில், பிரித்தானியர் தம் கடற்படைக்கெனக் கட்டியெழுப்பிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. அவற்றின் நிழலில் நின்று மண்ணெண்ணெய்க்கு அலைபவன் இலண்டனையும் எண்ணெயையும் ஒரே மூச்சிற் பேசுவதில் வியப்பேதுமில்லை.

மூன்றாவது கூற்றே இவ்வுரையாடலின் உயிர்நிலை. பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் ஐக்கிய இராச்சியத்திற் சட்டப்படி வதிவார்களாயின் அந்நாட்டுப் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டை இன்னும் கையில் வைத்திருக்கும் மருமகனுக்கு அங்கு வாக்கு உண்டு. மாமனின் நிலையோ வேறு. 2023 மார்ச்சில் நடைபெற வேண்டியிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நிதியில்லை என்ற காரணத்தாற் பிற்போடப்பட்டு, 2025 மே 6 ஆம் திகதியே நடந்தேறியது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இல் முடிந்தபின், அதற்கான தேர்தல் அவ்வாண்டுகளில் நடைபெறவேயில்லை. மருமகனிடம் தேர்தற் செலவுக்குப் பணம் கேட்கலாம் என்ற நகைப்பில், ஓர் அரசியலறிக்கை பத்துப் பக்கங்களிற் சொல்ல முயல்வது அடங்கிவிடுகின்றது. குடும்பச் செலவுக்கு வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்கும் வழக்கம் குடியாட்சிச் செலவுக்கும் நீளுகின்றது என்பதே அதன் குத்தல். அங்கதம் என்பது இதுவன்றி வேறென்ன?

பிரித்தானியத் தேர்தல் இவ்வட்டாரத்தின் அன்றாட வாழ்வோடு பிணைந்தது நேற்று இன்றன்று. 1945 ஜூலை 5 இல் அங்கு வாக்களிப்பு நிகழ்ந்தபோதும், முடிவுகள் ஜூலை 26 இலேயே வெளியாயின. கடல்கடந்து நின்ற படையினரின் வாக்குகள் சென்று சேர்வதற்காகவே அந்த மூன்று வாரத் தாமதம். திருகோணமலையைத் தளமாகக் கொண்டிருந்த கீழிந்தியக் கடற்படையின் மாலுமிகளும் அத்தகைய வாக்காளருள் அடங்குவர். அவர்தம் கப்பல்களுக்கு நிலக்கரியும் நீரும் உணவும் சுமந்த உள்ளூர்த் தொழிலாளிக்கு அத்தேர்தலில் வாக்கில்லை. 1931 முதல் அவன் இலங்கையின் சர்வசன வாக்குரிமை பெற்றவன். ஆயினும் தீவின் அரசியல் விதி எழுதப்பட்டது இலண்டனில். அக்கோடையில் டி. எஸ். சேனநாயக்க அரசியலமைப்புப் பேச்சுக்காக அங்கு சென்றிருந்த வேளையிலேயே சேர்ச்சிலின் ஆட்சி வீழ்ந்து அட்லியின் தொழிற்கட்சி ஆட்சி அமைந்தது. பேச வேண்டிய அமைச்சரே மாறிவிட்டார். தன் வாழ்வைத் தீர்மானிக்கும் வாக்கு மற்றொருவன் கையில் இருக்க, அதனைப் பற்றிப் பேசுவது மட்டுமே தனக்கு எஞ்சியிருந்த நிலை அன்றே இத்துறைமுகத்துக்குப் பழகிவிட்டது. 1957 ஒக்டோபர் 15 இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அதனைச் சாத்தியமாக்கியது 1956 இன் இலங்கைத் தேர்தல். தளம் போயிற்று, இலண்டனை நோக்கும் பார்வை போகவில்லை.

இத்துணை வளமான பேச்சை எழுத்திலக்கியம் எவ்வாறு கையாண்டது? திருகோணமலை த. த. சரவணமுத்துப்பிள்ளை 1895 இல் ‘மோகனாங்கி’யை எழுதியபோது நாயக்கர் காலத் தமிழகத்தையே களமாகக் கொண்டார். ஆங்கிலேயக் கப்பல்கள் நிறைந்த தம் ஊர்த்துறை அவருக்கு நாவற்பொருளாகத் தோன்றவில்லை. காலத்தின் எல்லையை உணர்ந்து இதனை மன்னிக்கலாம். மூதூரின் வ. அ. இராசரத்தினம் ‘தோணி’யிற் கடற்றொழிலாளியின் ஏக்கத்தை அவன் மண்ணோடு சேர்த்துத் தந்தார், ஈழத்துச் சிறுகதைக்கு அது பெரும்பேறு. 1960 களின் தொடக்கத்தில் எழுந்த மரபுப் போராட்டத்தின்போது பேச்சுவழக்கை ‘இழிசனர் வழக்கு’ என்று பழித்தோர் தோற்றனர், முற்போக்கு எழுத்தாளர் வென்றனர் என்பது நாம் யாவரும் அறிந்ததே. ஆனால் அவ்வெற்றி அரைகுறையானது. பேச்சுத்தமிழ் கதைமாந்தரின் வாய்க்குள் அனுமதிக்கப்பட்டது. அதுவும் துன்புறும்போதும் போராடும்போதும். உழைத்துக் களைத்தவன் பிளேன்டீயோடு உலக அரசியலைக் கேலி செய்யும் வேளையில், அவனைச் சிந்திப்பவனாக எவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. சிந்தனை கட்டுரைக்கு உரியது, கட்டுரை செந்தமிழுக்கு உரியது என்ற வரம்பு அப்படியே நிற்கின்றது. பல்கலைக்கழகச் சஞ்சிகைகளும், இக்கட்டுரை உட்பட, அதற்கு விலக்கல்ல.

எனினும் இந்நகைமொழியைப் போற்றிப் பாடுவதோடு விமரிசனம் நின்றுவிடலாகாது. அதற்குக் கடுமையான குறைபாடுகள் உண்டு. வாங்கில் அமர்வோர் ஆடவரே. வெளிநாட்டுப் பணத்தைக் கணக்கிட்டுச் செலவிடும் பெண்களின் குரல் அங்கு ஒலிப்பதில்லை. இதனினும் பெரிய குறை, இப்பேச்சு உறவின் வழியே மட்டும் நடப்பது. ஸ்ராட்போர்ட் அன்ட் போ தொகுதியில் உமா குமரன் வென்று பிரித்தானியப் பாராளுமன்றத்தின் முதலாவது தமிழ்ப் பெண் உறுப்பினரானதை அது உடனே தன்னதாக்கிக்கொள்ளும். ‘எங்கட பிள்ளை’ என்னும். அதே தேர்தலில் தஞ்சம் கோருவோரை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டம் பெரும் விவாதப் பொருளாயிருந்தது. மருமகனின் விசாவைத் தொடும்வரை அது வாங்கிற்கு வந்து சேராது.

டியாகோ கார்சியாவின் கதை இதற்குச் சான்று. திருகோணமலையைக் கையளித்து எட்டாண்டுகளின் பின், 1965 இல், பிரித்தானியா சாகோஸ் தீவுகளை மொறிசியசிலிருந்து பிரித்தெடுத்தது. அவற்றுள் டியாகோ கார்சியா பிரித்தானிய, அமெரிக்கப் படைகளின் தளமாயிற்று. 2021 ஒக்டோபரில் இடர்ப்பட்ட மீன்பிடிப் படகொன்றிலிருந்த 89 பேர் அத்தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் இலங்கைத் தமிழர். சிறுவரும் அவர்களுள் இருந்தனர். 2024 ஜூலையில் இலண்டனிலும் பேர்மிங்காமிலும் வாக்குகள் எண்ணப்பட்டபோது, அவர்களிற் பலர் இன்னும் அங்கேயே காவலுக்குட்பட்ட கூடாரங்களில் இருந்தனர். அத்தேர்தலின் முடிவில் அவர்களைவிட நேரடியாகத் தங்கியிருந்த தமிழர் எவருமிலர்; வாக்களிக்கும் மருமகன் எவனையும்விட அவர்களுக்கே அது வாழ்வுப் பிரச்சினை. அவர்களிற் பெரும்பாலோர் ஐக்கிய இராச்சியத்துக்கு அழைத்துவரப்பட்டது அவ்வாண்டு டிசெம்பரில், புதிய அரசாங்கத்தின் கீழ். படகையும் கடலையும் பிரித்தானியக் கடற்படையையும் நன்கறிந்த ஒரு துறைமுகத்தின் பேச்சு, தன் பழைய தளத்தின் வழித்தோன்றலான அத்தீவின் பெயரை உச்சரிக்கத் தவறுமாயின், அது நகைமொழியாய் எஞ்சும். அதன் பொருள் பாதி உதிர்ந்துவிடும்.