புள்ளலூர் வாணம்: ஒரு தீக்கருவியின் மதிப்பீடு

அறிபுனைகளில் வேற்றுக்கோளிலிருந்து வரும் பகைவர் ஏந்தும் தீக்கருவிகளுக்கு முன்னோடியாக, எச். ஜி. வெல்ஸ் 1898-இல் நூலாக வெளியிட்ட 'உலகங்களின் போர்' நாவலில் செவ்வாய்க் கோளினர் பயன்படுத்தும் வெப்பக்கதிரைக் கொள்ளலாம். கண்ணுக்குப் புலப்படாத வெப்பத்தைப் பரவளைய ஆடியினால், அதாவது தன் குவியத்திலிருந்து எழும் கதிர்களை ஒரே திசையில் இணையாகச் செலுத்தும் குழியாடியினால், அவர்கள் ஏவுவதாகக் கதை சொல்கிறது. ஈயம் உருகி ஓடுகிறது, நீர் நொடியில் ஆவியாகிறது. ஆனால் அதற்கு எரிபொருள் எவ்வளவு வேண்டும், அதை ஏந்துபவனைச் சுடாதா என்ற கேள்விகளுக்குக் கதையில் இடமில்லாததால், அதைக் கருவி என்ற முறையில் எடைபோட வழியில்லை. எடைபோடத்தக்க தீக்கருவி ஒன்று காஞ்சிபுரம் வட்டாரத்திலேயே களம் கண்டிருக்கிறது. அது 1780 செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் மைசூரின் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் நடத்திய படை, கர்னல் வில்லியம் பெய்லியின் கிழக்கிந்தியக் கும்பினிப் படைமேல் ஏவிய இரும்புக்குழல் வாணமாகும்.

'வாணம்' என்ற சொல் அம்பைக் குறிக்கும் 'பாணம்' என்பதன் திரிபு. வாணவேடிக்கை என்ற வழக்கில் அது இன்றும் வாழ்கிறது. போர்வாணத்தின் உறுப்புகள் மூன்றே: மருந்து திணித்த குழல், அதனோடு கட்டிய கழி, இரண்டையும் இறுக்கும் தோல்வார். இங்கிலாந்தின் உல்விச் பீரங்கிப்படை அருங்காட்சியகத்துக்குச் சென்ற மைசூர் வாணங்கள் இரண்டின் அளவுகள் பதிவாகியுள்ளன. ஒன்றின் குழல் 37 மில்லிமீட்டர் விட்டமும் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளமும் உடையது. உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவைவிடச் சற்றே நீண்ட அந்தக் குழலோடு 1.9 மீட்டர் மூங்கில் பிணைக்கப்பட்டுள்ளது. மற்றதன் குழல் 58 மில்லிமீட்டர் விட்டமும் 25 சென்டிமீட்டர் நீளமும் கொண்டது. அதில் மூங்கிலின் இடத்தில் ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நேரான வாளலகு கட்டப்பட்டிருக்கிறது.

இக்கருவியின் சிறப்பு அதன் தீயில் இல்லை, குழலின் இரும்பில் இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் கலந்த கருமருந்து எல்லா நாட்டாரும் அறிந்ததே. தாளினாலோ மூங்கிலினாலோ ஆன குழலில் அதை மிகுதியாகத் திணித்துப் பற்றவைத்தால், உள்ளே பெருகும் வளியின் அழுத்தம் தாளாமல் குழல் பிளந்துவிடும். இரும்போ அந்த அழுத்தத்தைப் பொறுத்து நிற்பதால், வளி பின்துளை வழியே பெருவேகத்தோடு பீறிட, அதன் எதிர்விசை வாணத்தை நெடுந்தொலைவு உந்துகிறது. அக்கால ஐரோப்பியப் படைகளிடம் இதற்கு ஈடான வாணம் இருக்கவில்லை. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரும் அதற்கு மேலும் இவை சென்றதாகப் பதிவுகள் கூறுகின்றன. பழையசீவரத்தில் நரசிம்மர் கோயில் கொண்ட குன்றின் அடிவாரத்தில் நின்று, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அகன்ற மணற்பரப்பை நோக்குபவர்க்கு அத்தொலைவு எளிதில் புலப்படும்: இக்கரையில் பற்றவைத்த வாணம் மணலைத் தாண்டித் திருமுக்கூடல் கரையை எட்டியிருக்கக்கூடும்.

குறைபாடு குறிவைப்பில் உள்ளது. தீபாவளியன்று பாட்டிலில் நிறுத்திப் பற்றவைக்கும் ராக்கெட், குச்சி சற்றே கோணலாக இருந்தாலும் எதிர்வீட்டுத் திண்ணைக்குப் பாய்வதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்னால் இழுபடும் நீண்ட கழி குழலின் முகத்தை முன்னோக்கி நிறுத்துகிறதே தவிர, காற்றின் போக்கையும் மருந்து சீரின்றி எரிவதையும் அதனால் சரிசெய்ய இயலாது. குழலின் விட்டத்தையும் இலக்கின் தொலைவையும் கணக்கிட்டு ஏவுகோணத்தை அமைக்க வாணப்படையினர் பயிற்றுவிக்கப்பட்டனர் என்றும், பல வாணங்களை ஒருசேர ஏவும் சக்கர வண்டிகள் இருந்தன என்றும் அறிகிறோம். ஒன்று தவறினாலும் பத்தில் சில தைக்கும் என்ற இந்த ஏற்பாடு, குறையை உணர்ந்தவர்கள் கண்ட நேர்மையான தீர்வு. வாளலகு கட்டிய வகை அவ்வளவு தேர்ந்ததாகத் தோன்றவில்லை. இரும்பின் எடை பறக்கும் தொலைவைக் குறைத்திருக்கும்; ஆயினும் நெருங்கி நிற்கும் குதிரைப்படைக்குள் அது சுழன்று விழும்போது விளையும் கலக்கம் சிறிதன்று.

புள்ளலூரில் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியதே போரின் திருப்பமாயிற்று. அவற்றைப் பற்றவைத்தது வாணமா, பீரங்கிக் குண்டா என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகின்றனர். எனவே வெற்றி முழுவதையும் வாணத்தின் கணக்கில் எழுதுவது முறையாகாது. பெய்லி சிறைப்பட்டு 1782-இல் மைசூரின் தலைநகரான சீரங்கப்பட்டணத்தில் இறந்தார். காஞ்சியில் நின்ற கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோவின் படை மறுநாளே கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கியது. அவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட பாலாற்றங்கரையில்தான் பழையசீவரம் இருக்கிறது.

புனைகதையில் தீக்கருவி எப்போதும் வந்தேறியின் கையில் இருக்கும். புள்ளலூரிலோ கடல் கடந்து வந்தவர்களே அறியாத தீயின்முன் நின்றார்கள். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட வாணங்களை ஆராய்ந்து ஆங்கிலேயரான வில்லியம் காங்கிரீவ் தம் வாணத்தை உருவாக்க, 1807-இல் அது கோபன்ஹேகன் நகரை எரித்தது. தம் நாவலின் தொடக்கத்தில் ஐரோப்பியர் டாஸ்மானிய மக்களை அழித்ததைச் செவ்வாய்க் கோளினரின் படையெடுப்போடு வெல்ஸ் ஒப்பிட்டிருப்பதை இங்கே நினைவுகூரலாம்.

கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், நகரா பகுதியின் பழங்கிணறு ஒன்றைத் தூர்வாரியபோது 2018-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாணக்குழல்கள் கிடைத்தன. துருவேறிய அக்குழல்களில் மூங்கிலும் தோல்வாரும் மக்கி மறைந்துவிட்டாலும், இரும்பு இன்னும் உருக்குலையாமல் நிற்கிறது.