ஓடும் யந்திரமும் மாறும் இயங்குதளமும்

பழைய இயங்குதளத்தை விட்டுப் புதியதற்கு மாறுவது பிரயோஜனமா என்று வீட்டில் ஒரு கணினி வைத்திருப்பவர் கேட்டால், விடை சொல்வது சிரமமான காரியமன்று. கணினி தாங்குமானால் மாறிக்கொள்ளுங்கள், தாங்காதென்றால் புதிது வாங்கும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்லிவிட்டு அவரவர் ஜோலியைப் பார்க்கப் போய்விடலாம். அதே கேள்வியை, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லம் வடகால் வழியாக ஒரகடம் வரைக்கும் நெருங்கி நிற்கிற தொழிற்சாலைகளையும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்து ஜீவிக்கும் சிறு பட்டறைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால், விஷயம் அவ்வளவு சுலபமாக முடிந்துவிடுவதில்லை. அங்கே கணினி கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் மட்டுமா இருக்கிறது? கடைசல் யந்திரத்துக்குள்ளும், அளவு பார்க்கும் யந்திரத்தின் பக்கத்திலும், அடுத்து வரும் காருக்கு எந்த நிறக் கதவு, எந்த இருக்கை என்று சொல்லும் உற்பத்தி வரிசையின் தலைமாட்டிலும் அது உட்கார்ந்திருக்கிறது. மாறுவதன் லாபத்தையும் நஷ்டத்தையும் நிறுத்துப் பார்க்க இதைவிடத் தகுந்த இடம் கிடைப்பது அரிது.

இந்த விவாதத்துக்கு இப்போது அவசரம் உண்டாக்கியிருப்பது ஒரு தேதி. 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதனால் மறுநாள் காலையில் கணினி எழுந்திருக்க மறுத்துவிடவில்லை, வழக்கம்போலவே ஓடுகிறது, ஆனால் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளை அடைக்க வேண்டுமென்றால் தொழில் ஸ்தாபனங்கள் தனியே பணம் கட்ட வேண்டும். கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர், மறு ஆண்டு அதைப்போல் இருமடங்கு, மூன்றாம் ஆண்டு அதற்கும் இருமடங்கு, அதோடு சரி. ஏறுகிற விதத்தைப் பார்த்தால், குடியிருப்பவரைக் காலி செய்ய வைப்பதற்காகவே வீட்டுக்காரர் உயர்த்தும் வாடகையைப்போல இருக்கிறது. காலி செய்து போகிற வீடோ எல்லோருக்கும் இடம் கொடுப்பதில்லை. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல்லாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் இருந்தாக வேண்டும். இந்த நிபந்தனையால் உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கேனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023-இல் மதிப்பிட்டது. கெட்டுப்போகாத ஒரு பொருளைக் கெட்டுப்போனதாகப் பாவிக்கச் சொல்லும் இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயக் குறைவு இருக்கிறது என்பதை, மாறுவதை ஆதரிப்பவர்களும் ஒப்புக்கொண்டுதான் பேசத் தொடங்க வேண்டும்.

அவர்கள் பக்கத்து நியாயங்களில் வலுவானது, வெளியுலகத்தோடு பேசுகிற கணினியைப் பற்றியது. ஒரு பட்டறையின் அலுவலக மேஜையை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வியாபாரம் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்டு முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம்; சரக்கு கிளம்ப இ-வே பில் வேண்டும்; வாங்குகிற கம்பெனியின் போர்ட்டலில், சரக்கு வருவதை முன்கூட்டித் தெரிவிக்கும் ஏ.எஸ்.என். போட்டு, அதிலிருந்து வரும் பார்கோடு லேபிளைப் பெட்டியில் ஒட்டியாக வேண்டும். இவை அனைத்தும் பிரவுசர் வழியாக நடக்கும் காரியங்கள். ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 7-க்கு குரோம் பிரவுசரின் புதிய பதிப்புகள் வருவது 2023-இன் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. பழைய பிரவுசரில் ஒரு நாள் ஒரு பக்கம் திறக்காது. மறுநாள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை அது அடையாளம் கண்டுகொள்ளாது. லேபிள் இல்லாத லாரியை ஆலையின் கேட்டில் உள்ளே விடமாட்டார்கள். சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேராமல் அங்கே லைன் நின்றால், மாதக் கடைசியில், பணத்தைப் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட் வந்து சேரும். போதாக்குறைக்கு, முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் மின்னஞ்சல் இணைப்புகளும் இதே மேஜையில்தான் திறக்கப்படுகின்றன. இத்தகைய கணினியைப் பழையபடியே வைத்திருப்பது சிக்கனம் என்ற பெயரில் செய்யும் அசட்டுத்தனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்த நியாயத்தை ஊர்ஜிதப்படுத்துவதற்காக எல்லோரும் காட்டும் உதாரணம் 2017 மே 12-ஆம் தேதி தொடங்கிய வானாக்ரை தாக்குதல். கணினியிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் பிட்காயினாகக் கட்டு என்று மிரட்டிய அந்தப் புழு, சில நாட்களுக்குள் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பிடித்துக்கொண்டது. பிரான்சில் ரெனோவின் ஆலைகளும், இங்கிலாந்தில் சண்டர்லாந்து நகரின் நிசான் ஆலையும் இடர்ப்பட்டன. ஒரகடத்தில் 2010-இல் தொடங்கிய ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டதாக அந்நாட்களில் செய்தி வந்தது. பழைய விண்டோஸைக் கட்டிக்கொண்டு அழுதால் இதுதான் கதி என்று அப்போது பலர் முடிவு கட்டினார்கள். ஆனால் நடந்ததை ஊன்றிப் பார்த்தால் அந்த முடிவு நிற்பதில்லை. அகப்பட்டுக்கொண்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7-இல் ஓடியவை. அதற்கோ 2020 ஜனவரி வரை ஆதரவு இருந்தது. புழு நுழைந்த துளையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சு மாதத்திலேயே, அதாவது தாக்குதலுக்கு இரண்டு மாதம் முன்பாகவே வெளியிட்டிருந்தது. அதைவிடப் பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் அந்தப் புழு பெரும்பாலும் சரியாக இயங்கக்கூட இல்லை. ஆகவே அன்று தோற்றது பழமை அன்று; வந்திருந்த மருந்தை இரண்டு மாதமாகக் கொடுக்காமல் இருந்த அசிரத்தை.

எதிர்ப்பக்கத்து நியாயத்தை அறிய, அலுவலகத்தை விட்டுப் பட்டறைக்குள் வர வேண்டும். தரச் சோதனை அறையில் சி.எம்.எம். என்ற, கருங்கல் மேடை போட்ட அளவு யந்திரம் ஒன்று நிற்கிறது, அதன் பக்கத்தில், வெள்ளை நிறம் பழுப்பேறிய கணினி, சென்ற ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் மானிட்டரின் விளிம்பில் காய்ந்திருக்கின்றன, பின்புறத்தில், இன்றைய கணினிகளில் அநேகமாகக் காண முடியாத அகலமான பிரிண்டர் துவாரத்தில், மென்பொருளின் உரிமத்தைத் தாங்கிய டாங்கிள் ஒன்று செருகியிருக்கிறது. இதை மாற்றலாமா என்று கேட்டால், அந்த ஷிஃப்டின் சூபர்வைசர், "ஓடுற மெஷின்ல கை வைக்காதீங்க சார்" என்பார். அது சோம்பேறியின் பேச்சன்று. இயங்குதளம் மாறினால் டிரைவர் வேலை செய்யாது. டிரைவருக்காக மென்பொருளின் புதிய வெர்ஷனை வாங்க வேண்டும். புதிய வெர்ஷன் பழைய கன்ட்ரோலரோடு பேசாது. கன்ட்ரோலரை மாற்றுவதற்கு ரெட்ரோஃபிட் என்று பெயர். அதன் பிறகு யந்திரத்தை மறுபடியும் காலிபரேஷன் செய்து, சான்றிதழ் வாங்கி, வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டும். ஒரு மைக்ரான் வித்தியாசத்தைக்கூடச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த யந்திரத்தை, அதே வித்தியாசத்தை அதே மாதிரி மறுபடியும் சொல்லவைப்பதற்கு இவ்வளவு செலவு! விண்டோஸ் என்டியையும் எக்ஸ்பியையும் வயிற்றில் சுமந்து வந்த சி.என்.சி. யந்திரங்களின் கதையும் இதுவே.

இவ்விரு பக்கத்து நியாயங்களும் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இந்தப் பிரச்சினையின் சாரம் அங்கேதான் இருக்கிறது. பழைய யந்திரங்களில் சிலவற்றுக்கு, கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்.எம்.பி. நெறிமுறையின் முதல் பதிப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது. விண்டோஸ் 10-இல் 2017-இன் பிற்பகுதியில் வந்த பதிப்பு முதற்கொண்டு, அந்த முதல் பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. அலுவலகத்துக்குப் புதிய கணினி வாங்கி வைத்த மறுநாள், யந்திரத்துக்கு அனுப்ப வேண்டிய புரோகிராம் போக மறுக்கிறது, புரொடக்ஷன் நிற்கிறதென்று கூச்சல் கிளம்புகிறது, வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தமான ஏ.எம்.சி.யில் வரும் பையன் செட்டிங்ஸில் புகுந்து அந்தப் பழைய எஸ்.எம்.பி.யை உயிர்ப்பித்துக் கொடுத்துவிட்டுப் போகிறான். எல்லோருக்கும் பரம திருப்தி. வானாக்ரை நுழைந்தது இந்த எஸ்.எம்.பி. முதல் பதிப்பின் வழியாகத்தான். காகிதத்தில் அந்த ஸ்தாபனம் புதிய இயங்குதளத்துக்கு மாறிவிட்டது. உண்மையில் பழைய வாசற்படியைத் திறந்து வைத்துக்கொண்டே புதிய பெயர்ப்பலகையை மாட்டியிருக்கிறது. மாறுவதற்குக் கொடுத்த பணத்தின் பலன் அந்த ஒரு 'டிக்'கில் பெரும்பாலும் கரைந்துபோகிறது.

இது பணமும் நிபுணர்களும் இல்லாத சிறு பட்டறைகளின் தவறு மட்டுமே என்று நினைக்க வேண்டாம். சில்லுத் தயாரிப்பில் உலகத்துக்கே முதன்மையான தைவானின் டி.எஸ்.எம்.சி., வானாக்ரையின் மாற்றுருவம் ஒன்றால் 2018 ஆகஸ்டில் தாக்கப்பட்டது. புதிதாக வந்த ஒரு யந்திரத்தை வைரஸ் சோதனை செய்யாமலே வலைப்பின்னலில் இணைத்துவிட்டார்கள். திருத்தம் போடாத விண்டோஸ் 7-இல் ஓடிக்கொண்டிருந்த மற்ற யந்திரங்களுக்கு அது பரவியது. நிலைமை சீராகச் சில நாட்களாயின. அந்தக் காலாண்டின் வருமானத்தில் ஏறக்குறைய 3 சதவிகிதம் பாதிக்கப்படும் என்று நிறுவனமே அறிவித்தது. பழைய இயங்குதளம் இருந்ததும் கேடுதான். ஆனால் பழையதையும் புதியதையும், சோதித்ததையும் சோதிக்காததையும் ஒரே கம்பியில் கோத்து வைத்திருந்ததே பெருங்கேடு.

அப்படியானால் எப்பொழுதும் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் க்ஷேமமா? 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய தவறான ஒரு புதுப்பிப்பு, ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையோடு நிற்கவைத்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று விழுந்தவை அசிரத்தையாக விடப்பட்ட கணினிகள் அல்ல; பணம் கொடுத்துப் பாதுகாக்கப்பட்டவை. வந்ததையெல்லாம் வந்த கணமே எல்லாக் கணினியிலும் ஏற்றிவிடுவதும் பராமரிப்பு ஆகாது. ஒரு கணினியில் போட்டுப் பார்த்து, அது ஒரு வாரம் ஒழுங்காக ஓடியபின் மற்றவற்றில் போடுவதும், பிழையாகிப் போனால் திரும்பிச் செல்ல முழு பேக்கப்பைத் தனியே வைத்திருப்பதும்தான் விவேகம்.

மாறாதவன் அழிவான் என்பதற்கு இந்தப் பகுதியில் நோக்கியாவை நினைவூட்டுவது வழக்கம். 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை, சிம்பியன் என்ற தன் கைபேசி இயங்குதளத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்ட்ராய்டை அலட்சியம் செய்த கம்பெனியோடு சேர்ந்து 2014 நவம்பர் 1-ஆம் தேதி மூடப்பட்டது என்று அந்தக் கதையைச் சுருக்கிச் சொல்வார்கள். சுருக்கத்தில் உண்மை சிதைந்துவிட்டது. நோக்கியா 2011 பிப்ரவரியிலேயே இயங்குதளத்தை மாற்றிக்கொள்ளத் தீர்மானித்தது. மாறிய தளம் விண்டோஸ் போன். அது சந்தையில் வெல்லவில்லை. தன் கைபேசித் தொழிலை நோக்கியா மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, வரி வழக்கில் முடக்கப்பட்டிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை கைமாற முடியாமல் தனியே நின்றது. பிறகு மைக்ரோசாஃப்ட் தன் ஆர்டரை நிறுத்திக்கொள்ளவே, கதவு மூடப்பட்டது. மாறாததால் வந்த வினை என்று இதைச் சொல்வதற்கு எவ்வளவு இடமுண்டோ, மாறியதன் வினை என்று சொல்வதற்கும் அவ்வளவு இடமுண்டு. ஆயிரக்கணக்கான தொழிலாளரின் வேலை போன ஒரு துயரத்தை, சாஃப்ட்வேர் விற்பனைக்கு ஒரு நீதிக்கதையாக உபயோகிப்பது பொருத்தமில்லை.

விண்டோஸையே விட்டு லினக்ஸுக்குப் போய்விடலாமே என்ற யோசனையும் உண்டு. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007 முதல் கிடைக்கிறது. தமிழ்நாட்டு அரசின் எல்காட்டும் ஒரு காலத்தில் இந்த வழியில் துணிந்து இறங்கியது. பிரவுசர் மட்டும் போதுமென்ற மேஜைகளுக்கு, விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் நல்ல கணினிகளைக் குப்பைக்கு அனுப்பாமல் காப்பாற்ற இது உபயோகப்படும். கணக்கெழுதும் டாலியும் வரைபடம் போடும் சாலிட்வொர்க்ஸும் ஓடியாக வேண்டிய இடத்தில் இந்த யோசனை எடுபடாது.

ஆகவே என் அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாறுவதற்கு மதிப்பு உண்டா என்பதை இயங்குதளத்தின் வயதை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. அந்தக் கணினி யாரோடு பேசுகிறது என்பதை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். வங்கியோடும் வரித்துறையோடும் வாடிக்கையாளரோடும் பேசுகிற கணினி மாறித்தான் ஆக வேண்டும். அங்கே தாமதம் அபாயம். யந்திரத்தோடு மட்டும் பேசுகிற கணினி, யந்திரம் உள்ள வரைக்கும் பழையபடியே இருக்கலாம். ஆனால் அதற்கு இன்டர்நெட் கூடாது, அலுவலக வலைப்பின்னலோடு நேர்த் தொடர்பு கூடாது, கண்ட பென்டிரைவும் அதில் ஏறக் கூடாது. வெளியுலகத்தோடும் யந்திரத்தோடும் பேசியாக வேண்டிய கணினியை நடுவில் தனியே வைத்து, ஃபயர்வால் போட்டு, வருடாந்தர ஷட்டவுனில் முதலில் கவனிக்க வேண்டும். புதிய விண்டோஸ் வாங்குவதற்கு முன்னால் இந்த மூன்று வகைக்கும் பட்டியல் எழுதாத ஸ்தாபனம், எவ்வளவு பணம் கொட்டினாலும் பாதுகாப்பை வாங்கிவிட முடியாது.

இனி எஞ்சுவது செலவு யாருடையது என்ற கேள்வி. கடைசல் யந்திரம் இருபது வருஷம் உழைக்கும். அதற்குள் வைத்த இயங்குதளத்துக்கோ பத்து வருஷம்தான் ஆதரவு. இந்த இடைவெளியின் பாரம் இன்று, அதை உண்டாக்காத பட்டறைக்காரரின் தலையில் இறங்குகிறது. வேறு ஏற்பாடு அசாத்தியமென்று சொல்வதற்கில்லை. யந்திரங்களுக்கென்றே வெளியிடப்பட்ட விண்டோஸ் 10 ஐ.ஓ.டி. எல்.டி.எஸ்.சி. 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரை ஆதரவு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றிய சைபர் சட்டத்தின்படி, மென்பொருளைத் தாங்கிய பொருள்களை அங்கே விற்பவர்கள், ஆதரவு எந்த மாதம் முடியும் என்பதை 2027 டிசம்பர் முதல் வாங்கும்போதே தெரிவிக்க வேண்டும். அதே ஐரோப்பியக் கம்பெனிகள்தான் ஒரகடத்துப் பட்டறைகளுக்கும் யந்திரம் விற்கின்றன. அந்தத் தேதியைக் கொட்டேஷனிலேயே எழுதித் தரும்படி இங்கே வாங்குபவர்களும் கேட்கலாம். டெபிட் நோட் எழுதத் தெரிந்த பெரிய ஆலைகள், தங்கள் சப்ளையர்கள் சார்பில் அதை ஒன்றாகச் சேர்ந்து கேட்டால், எந்த யந்திரக் கம்பெனியும் எளிதில் மறுத்துவிடாது.