படமும் முகவரியும்: குடும்பத் தபாலட்டைகளும் நவீன கலையும்

பழைய குடும்பத் தபாலட்டைகளை ஆதாரமாகக் கொண்டு ஆக்கப்படும் ஓவியங்களும் ஒட்டுச்சித்திரங்களும் பெரும்பாலும் அட்டையின் படப்பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. பழுப்பேறிய தாள், பழைய கப்பல், குடை பிடித்த சீமாட்டி ஆகியன பார்ப்போரிடத்து ஓர் ஏக்கத்தை இலகுவில் தோற்றுவிக்கின்றன. ஆயின் அவ்வேக்கம் எந்தக் குடும்பத்துக்கும் உரியதன்று. அச்சகத்தார் பெருந்தொகையில் விற்ற சரக்கு அது. குடும்பத்துக்கு உரியவை கையெழுத்தும் முகவரியுமே.

1869 இல் ஒஸ்ரியா-ஹங்கேரியில் முதன்முதலாகத் தபாலட்டை வெளியிடப்பட்டது. படத் தபாலட்டை பரவிய பின்னரும், பிரித்தானியாவில் 1902 வரையும் ஐக்கிய அமெரிக்காவில் 1907 வரையும், பின்பக்கத்தில் முகவரியை மட்டுமே எழுதலாம் என்பது விதி. எனவே செய்தி சொல்ல விரும்பியவர் படத்தின் ஓரத்திலோ, வானத்தின் மீதோ எழுத நேர்ந்தது. படத்தின்மேல் எழுத்துப் படரும் அமைப்பை அழகியற் புதுமையாகக் கையாளும் இன்றைய ஓவியர் பலர், அது தபால் விதியொன்றின் விளைவு என்பதைக் கருதுவதில்லை.

இத்துறையில் முன்னோடியான ஆக்கம் சூசன் ஹில்லர் 1972 முதல் 1976 வரை உருவாக்கிய 'அறியப்படாத கலைஞர்களுக்கு அர்ப்பணம்' என்பதாகும். பிரித்தானியக் கரையோரங்களிற் கொந்தளிக்கும் கடலைக் காட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகளை, மானிடவியல் பயின்றவருக்கு இயல்பான முறையில் வகைப்படுத்தி, அட்டவணைகளுடன் அவர் காட்சிப்படுத்தினார். படம் பிடித்தவரும் கையால் நிறந்தீட்டியவருமே அவ் 'அறியப்படாதோர்'. பெயரற்ற உழைப்பைக் கலையென ஏற்றமை இவ்வாக்கத்தின் பெரும் பேறு. எனினும் அட்டையை அனுப்பியவரும் பெற்றவரும் இங்கு பின்தள்ளப்படுகின்றனர்.

2008 இல் நியூயோர்க் மாநிலத்தின் டியா பீக்கன் காட்சியகத்தில் ஸோயி லெனார்ட் வைத்த ஆக்கம் இவ்விடத்து மேலும் ஆழமானது. நயாகரா நீர்வீழ்ச்சியைக் காட்டும் ஏறத்தாழ 4000 அட்டைகளைப் படம் எடுக்கப்பட்ட கோணங்களின்படி அவர் சுவரில் நிரைப்படுத்தினார். ஒரே காட்சி ஆயிரக்கணக்கில் மீளவருகையில் நீர்வீழ்ச்சி காட்சிப்பொருள் என்ற தன்மையை இழக்கிறது. எஞ்சுவது, தான் அங்கு வந்து சேர்ந்ததை யாருக்கோ அறிவிக்கத் துடிக்கும் மனிதரின் விருப்பமே. ஆக்கத்தின் தலைப்பும் அட்டையொன்றில் எவரோ எழுதிய வாசகமே என்பது தற்செயலன்று.

இவ்விருவரும் கையாண்டவை பிறருடைய அட்டைகள். குடும்பங்களின் கைவிட்டுச் சந்தைக்கு வந்தவை. தன் குடும்பத்து அட்டையைக் கையிலெடுக்கும் கலைஞருக்கு அவர்களுக்கில்லாத ஒரு வாய்ப்பு உண்டு. தபாலட்டை மூடப்படாத மடல். தபாற்காரரும் அயலவரும் படிக்கக்கூடியது. ஆதலின் நோயும் கடனும் மனக்கசப்பும் அதில் இடம்பெறா. 'யாவரும் நலம்' என்ற வரியின் பின்னே அவை மறைந்திருக்கும். எழுதாது விட்டது எதுவென்பதைக் குடும்பத்தவரே அறிவர். அந்த அறிவைப் பயன்படுத்தாது, பாட்டியின் கையெழுத்தை வெறும் அலங்காரக் கோடாக்கிவிடும் ஓவியத்தை நாம் பாராட்ட வேண்டியதில்லை.

ஆனால் தபாலட்டை எஞ்சவேண்டுமாயின் முதலில் வீடு எஞ்சவேண்டும். போரினால் இடம்பெயர்ந்த எம்மவருட் பலருக்கு இவ்வடிப்படையே இல்லாதுபோயிற்று. முற்றுப்பெறாத தோம்பு என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் தலைப்பிட்டு, 2011 இல் தா. சனாதனன் வெளியிட்ட நூலை இப்பின்னணியில் நோக்குதல் தகும். இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்தனர். அத்தகைய 80 வீடுகள், கட்டடக் கலைஞரின் வரைபுகளோடும் சனாதனனின் சித்திரங்களோடும் அலுவலகக் கோவை போன்று தொகுக்கப்பட்டுள்ளன. அந்நியர் ஆட்சியிற் காணிகளைப் பதிந்த ஏட்டின் பெயரை, காணியை இழந்தோர் தம் நினைவுக்குச் சூட்டியமை கூர்மையானது. கட்டடக் கலைஞரின் சீரான வரைபு நினைவின் கோணலை நேராக்கிவிடுகிறதோ என்ற ஐயம் எமக்குண்டு. ஆயினும் இரண்டும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதால், வாசகர் தாளைப் புரட்டி, வீட்டுக்காரர் தம் கையால் இழுத்த கோட்டுக்கே மீள முடிகிறது.