270 கண்ணிகளில் ஒரு யானைத் தலை

கல்லூரி மாணவிகளின் பைகளிலும் ஸ்கூட்டர் சாவிகளிலும் இப்போது குட்டி பொம்மைகள் ஆடுகின்றன. யானை, பெங்குவின், தவளை, பூனை என்று எல்லாமே கட்டைவிரல் உயரம்தான், எல்லாமே நூலால் பின்னியவை. இவற்றில் ஒன்றைக்கூட ஆலை இயந்திரம் பின்னவில்லை. ஸ்வெட்டருக்கும் டி-ஷர்ட் துணிக்கும் இயந்திரம் உண்டு. ஆனால் ஒற்றைக் கொக்கி ஊசியால் சுற்றிச் சுற்றி உருண்டையாக எழுப்பும் குரோஷேவைப் பின்னித்தரும் இயந்திரம் ஆய்வக முன்மாதிரிகளைத் தாண்டி விற்பனைக்கு வரவில்லை. மீட்டர் கணக்கில் கடையில் விற்கும் 'குரோஷே லேஸ்' பெரும்பாலும் வேறு வகை இயந்திரப் பின்னல். அதோடு போட்டியிட்டுத் தாக்குப்பிடிக்கும் ஆந்திரத்தின் நரசாபூர் கை லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016 ஜனவரியில் சென்னையில் விரிக்கப்பட்டு கின்னஸில் ஏறிய 11,148.5 சதுர மீட்டர் குரோஷேப் போர்வையும், பல ஊர்ப் பெண்கள் கையால் பின்னிய துண்டுகளை இணைத்துச் செய்ததுதான்.

ஆகவே இங்கே கருவிகள் என்பவை ஒரு டிபன் டப்பாவுக்குள் அடங்கிவிடும்: கொக்கி ஊசி, சுற்று எண்ணும் கவுண்டர், மாதிரியைக் காட்டும் செயலி. இவற்றை மொத்தமாகத் தரும் கிட் ஒன்றும் உண்டு. ஒரே ஒரு யானைத் தலைச் சாவிக்கொத்தைப் பின்ன உட்கார்ந்தால் போதும், இவற்றில் எது உழைக்கிறது, எது சும்மா இருக்கிறது என்பது தெரிந்துவிடும். விளம்பரம் முழுக்க கிட்டுக்கும் செயலிக்கும்தான். வேலையைச் சுமப்பவை ஊசியும் கவுண்டரும்.

ஊசியிலிருந்து தொடங்கலாம். சாவிக்கொத்து அளவுக்கு 2.5 மி.மீ. சரியாக இருக்கும். நூல் உறையில் 3.5 அல்லது 4 என்று அச்சிட்டிருந்தாலும், பொம்மைக்கு ஒரு மி.மீ. அளவுக்காவது குறைத்தே எடுக்க வேண்டும். சால்வைக்குத் தொய்வு அழகு. பொம்மையில் தொய்வு விழுந்தால் கண்ணிகளின் இடைவெளியில் வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கும். சாம்பல் நிற யானையில் அது பளிச்சென்று தெரியும்.

இப்படி இறுக்கிப் பின்னும்போதுதான் ஊசியின் குணம் வெளிப்படுகிறது. நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சாதா அலுமினிய ஊசி வழவழப்பாக ஓடும், நூலில் சிக்காது. இந்தியாவிலேயே தயாராகும் போனி ஊசிகள் இதற்கு நல்ல உதாரணம். குறை ஒன்றுதான்: பிடி மெலிது. இறுக்கமான கண்ணிக்குள் ஒவ்வொரு முறையும் குத்தி இழுக்கும்போது, அழுத்தம் முழுவதையும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாங்க வேண்டியிருக்கிறது. ரப்பர் பிடி போட்ட ஊசிகள் இதற்காகவே வந்தவை. ஜப்பானின் க்ளோவர் நிறுவனத்து 'அமூர்', ஹிரோஷிமாவில் ஊசி செய்யும் ட்யூலிப் நிறுவனத்து 'எடிமோ' இரண்டும் இந்த வகை. விலை சாதா ஊசியைப் போலப் பல மடங்கு. அந்தக் கூடுதல் பணம் நியாயமானதே, ஏனென்றால் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கினால் கை தானாகவே தளர்த்திப் பின்னும். பாதித் தலை இறுக்கமாகவும் மீதி தொளதொளவென்றும் வருவதற்கு அதுவே காரணம்.

பிடியைவிடக் கவனிக்க வேண்டியது கொக்கியின் வாய். அமெரிக்காவின் சூசன் பேட்ஸ் வகை ஊசியில் கொக்கித் தலை தண்டின் அதே பருமனில் இருக்கும், வாய் ஆழமாக வெட்டியிருக்கும். 'போய்' (Boye) நிறுவனத்து வகையில் கழுத்து ஒடுங்கி, வாய் வளைந்திருக்கும். முதல் வகை கண்ணிகளை ஒரே அளவில் வைத்திருக்கிறது. தட்டையான துணிக்கு அதுவே மேல். பொம்மையில் இரண்டு கண்ணிகளை ஒன்றாக்கும் குறைப்புச் சுற்றுகள் வரும். அங்கே இரண்டு முன்னிழைகளுக்குள் ஒரே மூச்சில் முனை நுழைய வேண்டும். ஒடுங்கிய கழுத்து அங்கே சுலபமாக வழுக்கிச் செல்கிறது. சாவிக்கொத்து மட்டுமே நோக்கம் என்றால் இரண்டாம் வகையைத் தயங்காமல் வாங்கலாம். முனையில் விளக்கு எரியும் பிளாஸ்டிக் ஊசிகளும் வருகின்றன. கறுப்பு நூலுக்கு உதவும் என்பது உண்மைதான், ஆனால் 2.5 மி.மீ. அளவில் பிளாஸ்டிக் முனை வளைந்து கொடுக்கிறது. ஒரு நல்ல மேஜை விளக்கு அதைவிட உபயோகம்.

அடுத்தது கவுண்டர். அதன் அருமை புரிய, தலை எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

தொடக்க வளையமான மேஜிக் ரிங்கில் 6 கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டாகப் போட்டால் 12. பிறகு 18, 24, 30. இந்த ஆறு ஆறாகக் கூடும் கணக்குக்கு வடிவியல் காரணம் உண்டு. இங்கே பின்னும் அடிப்படைக் கண்ணியான சிங்கிள் குரோஷே ஏறத்தாழ அகலமும் உயரமும் சமமாக உள்ள சதுரம். வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி கூடினால் சுற்றளவு 2π, அதாவது 6.28 கண்ணி கூட வேண்டும். அதை 6 என்று வைத்துக்கொண்டால் வட்டம் தட்டையாகப் படுக்கும். கூட்டுவதை நிறுத்தியதும் விளிம்பு மேலே எழுந்து கிண்ணமாகும். நான்கு சுற்று 30 கண்ணியிலேயே ஓட்டிவிட்டு, 24, 18, 12, 6 என்று குறைத்தால் உருண்டை மூடிக்கொள்ளும். மொத்தம் 13 சுற்று, 270 கண்ணி. மெல்லிய பருத்தி நூலில் இந்த உருண்டை 4 செ.மீ. விட்டத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். மாறாக, கூட்டலை நிறுத்தாமல் மிகையாக்கிக்கொண்டே போனால் துணி கீரை இலைபோல் சுருங்கி மடியும். கார்னெல் பல்கலைக்கழகக் கணித ஆசிரியை டைனா டைமினா 1997இல் அப்படிப் பின்னித்தான் அதிபரவளையத் தளம் (hyperbolic plane) என்ற நெளிந்து விரியும் வடிவத்தை மாணவர்கள் கையில் எடுத்துப் பார்க்கும்படி செய்தார்.

சுற்று தொடரும் இடத்தில் தையல் எதுவும் இல்லை. சுருளாக ஏறிக்கொண்டே போகும். ஒரு சுற்று எங்கே முடிந்தது என்று கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். 30 கண்ணி வர வேண்டிய சுற்றில் 29 வந்தாலும், அடுத்த குறைப்புச் சுற்றின் கணக்கு இடிக்கும். பெரிய கரடி பொம்மையில் ஒரு கண்ணிப் பிழை மறைந்துவிடும். 4 செ.மீ. தலையில் அது கன்னக் குழியாகத் தெரியும்.

ஒரே மாதிரி ஓடும் சுற்றுகளில் இது எத்தனையாவது என்பதும் மறந்துபோகும். இந்த இடத்தில்தான் விரலில் மாட்டும் டிஜிட்டல் கவுண்டர் தன் விலையைப் பல மடங்கு திருப்பித் தருகிறது. நாம ஜெபத்துக்கும் தஸ்பீஹ் ஓதவும் பூஜைக் கடைகளிலும் பள்ளிவாசல் அருகிலுள்ள கடைகளிலும் விற்கிறார்களே, அதே சாதனம்தான். சின்னத் திரை, ஒரு பட்டன், பூஜ்யமாக்க இன்னொரு பட்டன், உள்ளே ஒரு பட்டன் பேட்டரி. ஒரு சுற்று முடிந்ததும் கட்டைவிரலால் ஒரு அழுத்து. நூலைக் கீழே வைக்க வேண்டியதில்லை. வாங்கும்போது பூஜ்யப் பட்டன் சிறியதாகவும் பள்ளத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பட்டன்களும் ஒரே அளவில் அருகருகே இருந்தால் கை தவறி எண்ணிக்கை அழிந்துவிடும். கவுண்டர் சுற்றை எண்ணும், சுற்றின் தொடக்கத்தைக் காட்டாது. அதற்கு முதல் கண்ணியில் ஒரு ஊக்கு மாட்டினால் போதும்.

செயலிகள் இதே வேலையைச் செய்ய முயன்று பாதியில் நிற்கின்றன. ரிப்ளர் போன்ற தளங்களில் மாதிரி வரி வரியாக விரிகிறது. முடித்த வரியைத் தட்டினால் அடையாளம் விழுகிறது. பாதியில் விட்ட யானையை அடுத்த வாரம் தொடர இது பெரிய வசதி. ஆனால் இரண்டு கையும் நூலில் மாட்டியிருக்கும்போது போன் திரை அணைந்துவிடும். அதை எழுப்புவதற்குள் கொக்கியிலிருந்து இழை நழுவும். திரையை அணையவிடாத அமைப்பு இல்லாத செயலியை எண்ணுவதற்கு நம்ப வேண்டாம். வீடியோவின் பயன் வேறு. மேஜிக் ரிங்கை எந்த எழுத்தும் சொல்லிப் புரியவைக்காது. யூடியூபில் வேகத்தைப் பாதியாக்கிப் பார்த்தால் விரல்கள் எங்கே போகின்றன என்று புலப்படும். இடக்கைக்காரர்கள் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிய வீடியோவைத் தேட வேண்டும். இன்னொன்று: அமெரிக்க மாதிரியின் சிங்கிள் குரோஷேதான் பிரிட்டிஷ் மாதிரியில் டபுள் குரோஷே. எந்த நாட்டுக் கணக்கு என்று பார்க்காமல் தொடங்கினால் யானைக்குத் தலை நீண்டு வலைபோல் ஆகிவிடும்.

மாதிரியையே செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாமா? 2023 தொடக்கத்தில் அமெரிக்கப் பெண் ஒருவர் சாட்ஜிபிடியிடம் நார்வால் திமிங்கில மாதிரி கேட்டுப் பின்னிக் காட்டிய வடிவம் உலகம் முழுக்கப் பரவியது. வாக்கியங்கள் மாதிரிபோலவே ஒலித்தன. உருவம் திமிங்கிலமாகத் திரளவில்லை. கருவிகள் அதன்பின் முன்னேறியிருக்கின்றன. இருந்தாலும் பணம் கொடுத்து மாதிரி வாங்குகிறவர்கள், பின்னி முடித்த பொம்மையின் நிஜப் புகைப்படம் பல கோணங்களில் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அடைப்புக்குறிக்குள் கண்ணி எண்ணிக்கை தராத மாதிரியைத் தொடவே கூடாது.

கிட் வகையில் பேர் பெற்றது அமெரிக்காவின் வூபிள்ஸ். ஜஸ்டீன் டியூ, ஏட்ரியன் ஜாங் தம்பதி தொடங்கிய இந்த நிறுவனம் 2022இல் ஷார்க் டேங்க் நிகழ்ச்சியில் முதலீடு பெற்றது. அதன் சாமர்த்தியம் இரண்டு முடிவுகளில் இருக்கிறது. தொடக்கச் சுற்றுகளைப் பின்னியே அனுப்புகிறார்கள், ஆகவே புதியவர் மேஜிக் ரிங்கில் முட்டி மோதி விட்டுவிடுவதில்லை. நூல் புரி பிரியாத குழாய் வடிவில் இருப்பதால் கொக்கி இழைக்குள் குத்திக்கொள்வதில்லை. கற்றுக்கொடுக்கும் முறையாக இது உயர்ந்த வடிவமைப்பு. ஊசி பிடிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் கிட் அவசியமில்லை. உள்ளூர்க் கடையின் பருத்தி நூல் ஒரு பந்தில் பல யானைத் தலைகள் வரும். வெல்வெட் போன்ற ஷெனீல் நூல் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அதில் கண்ணியே கண்ணுக்குத் தெரியாது. முதல் பொம்மைக்கு வேண்டாம்.

பொத்தான் கண்களை உள்ளே வாஷர் போட்டுப் பூட்டுவது தலை மூடுவதற்கு முன் நடக்க வேண்டும், 6 மி.மீ. அளவு போதும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் கண்ணைக் கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள், சாவி வளையமும் வேண்டாம்.

கடைசிச் சாமான் வளையம். பெரும்பாலான பொம்மைகள் அறுவது இங்கேதான். உச்சியிலுள்ள ஒற்றைக் கண்ணியில் உலோக வளையத்தை நேராக மாட்டினால் அந்த இழை தேய்ந்து போகும். தலையைப் பஞ்சடைத்து மூடும் முன் அதே நூலில் சின்னச் சங்கிலி பின்னி, உச்சி வழியாக வெளியே இழுத்து, உள்முனையை ஒரு பொத்தானில் முடிந்துவிட வேண்டும். அப்போது இழுப்பு முழுவதும் பொத்தானில் விழும். சங்கிலியில் மாட்டுவதற்குச் சுழலும் கொக்கி வளையம் வாங்குங்கள். சாதா வளையம் திரும்பத் திரும்ப முறுக்கிச் சங்கிலியைத் தின்றுவிடும்.