செவுளைத் தூக்கிப் பார்க்க முடியாத விஷயங்கள்

பி.டி. கத்தரிக்காய் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் இழுக்கும் ஆவணம் ஒன்று உண்டு. ஆனால் அதை உட்கார்ந்து படித்தவர்கள் குறைவு. 2010 பிப்ரவரி 9 அன்று, அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வெளியிட்ட முடிவு அறிக்கை அது. 2009 அக்டோபரில் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டிய கத்தரியை அது நிறுத்தி வைத்தது. எதிர்ப்பாளர்களுக்கு அது வெற்றி. ஆதரவாளர்களுக்கு, பயந்துபோன அரசியல்வாதி ஒருத்தர் அறிவியலைக் கைவிட்ட நாள். காசிமேடு, ராயபுரம் பக்கம் நின்று படித்தால் இந்த இரண்டு வாசிப்பும் போதவில்லை என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் அறிக்கையின் பலம். தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு எதிராகக் கத்தரிக்குத் தெளிக்கிற பூச்சிமருந்து கொஞ்சநஞ்சமில்லை. அதைக் குறைக்கலாம் என்பதே பி.டி. கத்தரியின் வாக்குறுதி. அறிக்கை இதைக் கிண்டல் செய்யவில்லை. மருந்தில்லாமல் பயிரைக் காக்கிற வேறு வழிகளும் இருக்கே, அவசரம் என்ன என்று கேட்டது. அதைவிட முக்கியமான கேள்வி இன்னொன்று: விதை விற்கப்போகிறவரே பாதுகாப்புச் சோதனையையும் நடத்தினால் அதை எப்படி நம்புவது? அந்தச் சோதனைத் தரவுகளேகூடத் தகவல் உரிமைச் சட்டம், உச்ச நீதிமன்றம் என்று அலைந்த பிறகு 2008-ல்தான் வெளியே வந்தன. இதைப் பொருட்படுத்திய அமைச்சரைக் கோழை என்று சொல்வது நியாயமில்லை.

பலவீனமும் இருக்கு. நம்பிக்கை என்றால் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்பது என்று அறிக்கை எடுத்துக்கொண்டது. கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஐதராபாத், பெங்களூர் என்று ஏழு ஊரில் கூட்டம். தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் கோ 2, மதுரை 1, கிள்ளிகுளம் 1, பாலூர் 1 என்று நம்மூர் ரகங்களிலேயே பி.டி. மரபணுவை ஏற்றிக்கொண்டிருந்தது கோவை வேளாண் பல்கலைக்கழகம். கூட்டங்கள் முடிந்து விதைக்குப் பூட்டு விழுந்தது. மற்ற கதவுகள் திறந்தே கிடந்தன.

அதில் ஒரு கதவு துறைமுகம். மரபணு மாற்றிய சோயாவிலிருந்து எடுத்த எண்ணெயை இறக்குமதி செய்யலாம் என்று அதே ஒப்புதல் குழு 2007-லேயே அனுமதித்துவிட்டது. நாம் வாங்குகிற சோயா எண்ணெயில் பெரும்பங்கு அர்ஜென்டினா, பிரேசில் சரக்கு. அங்கே விளைவது அநேகமாக எல்லாமே மரபணு மாற்றிய சோயா. சென்னைத் துறைமுகமும் சமையல் எண்ணெய் இறக்குகிற துறைமுகம்தான். போதாக்குறைக்கு 2002-ல் வந்த பி.டி. பருத்தியின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயும் நம் உணவில் கலந்துதான் இருக்கு. ரேஷன் பாமாயிலுக்கு இந்தச் சந்தேகம் வேண்டாம், பனையில் அந்த வேலை சந்தைக்கு வரவில்லை.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ மிஞ்சுவது மிகக் குறைவு, ஆபத்தும் அந்த அளவுக்குத்தான். என் கேள்வி வேறு. 2013 ஜனவரி 1 முதல், மரபணு மாற்றிய உணவுப் பொட்டலத்தின் மேல் ‘ஜி.எம்.’ என்று அச்சிட வேண்டும் என்று விதி வந்தது. உங்கள் மளிகைக் கடையில் எத்தனை பொட்டலத்தில் பார்த்தீர்கள்? 2018-ல் தில்லியின் சி.எஸ்.இ. அமைப்பு 65 உணவு மாதிரிகளைச் சோதித்தபோது 32 சதவீதத்தில் மரபணு மாற்றம் தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவை லேபிளில் வாயே திறக்கவில்லை.

சரி, கத்தரிக்காய்க்கும் காசிமேட்டுக்கும் என்ன சம்பந்தம்? மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்ப்போம், சதையை விரலால் அழுத்திப் பார்ப்போம். “நாளைக்கும் இங்கதானே உக்காந்திருப்பேன், ஏமாத்துவேனா?” என்கிறார் கடைக்கார அக்கா. நம்பிக்கை என்பது அந்த இடத்தில் கண், விரல், தினமும் பார்க்கிற முகம். அழுகலைக் கண்டுபிடிக்க இதுவே போதும். ஆனால் பூச்சிமருந்து எச்சம், எண்ணெய்க் கசிவு, ஃபார்மலின், மரபணு, இதெல்லாம் செவுளில் தெரியாது. ஃபார்மலின் போட்ட மீன் இன்னும் விறைப்பாக, ‘ஃபிரெஷ்’ மாதிரியே இருக்கும்.

2018-ல் அதுதான் நடந்தது. கேரளத்தில் ஃபார்மலின் மீன் பிடிபட்ட கையோடு சென்னை மீனிலும் இருக்கு என்று செய்தி வந்தது. அன்றைய மீன்வளத்துறை அமைச்சர், அதே ராயபுரத்தின் எம்.எல்.ஏ. ஜெயக்குமார், இல்லை என்றார். யாரை நம்புவது? சில கடல் மீன்களில் செத்த பிறகு ஃபார்மால்டிஹைடு தானாகவே கொஞ்சம் உண்டாகும் என்பதையும், பெரும்பாலான மீன்களுக்கு கிலோவுக்கு 4 மில்லிகிராம் என்ற வரம்பு 2019-ல்தான் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அன்றைக்கு ‘இருக்கு’ என்பதும் ‘இல்லை’ என்பதும் அளவுகோல் இல்லாத சண்டை.

2023 டிசம்பர் இன்னும் மோசம். மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. கடல் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கவேண்டிய இடத்தில் 49 இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொன்னது. காற்றுக்கு ஒரு எண், தண்ணீருக்கு ஒரு எண், படகுக்கு ஒரு எண். எறாலுக்கும் மடவைக்கும் என்ன எண்? எந்த மீனை எந்தத் தேதியிலிருந்து சாப்பிடலாம் என்று சந்தையில் பலகை மாட்டும் பழக்கமே நம்மிடம் இல்லை. அந்த இடைவெளியில் வதந்திதான் விலையை நிர்ணயிக்கும். அடி விழுவது ஆலைக்கு அல்ல, கூடை வைத்திருக்கும் அக்காவுக்கு.

இங்கே இரண்டு தரப்பிடமும் எனக்குச் சண்டை இருக்கு. ‘மக்களுக்கு அறிவியல் தெரியாது, அதான் பயப்படுறாங்க’ என்பவர்கள், மக்கள் கேட்பது பாடம் அல்ல, சோதனை முடிவு என்பதைக் கவனிப்பதில்லை. எதிர்ப்பாளர்களோ ‘விஷம்’ என்ற ஒரே மூட்டையில் மரபணு, பூச்சிமருந்து, ஃபார்மலின் எல்லாவற்றையும் கட்டிவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆபத்து வேறு, அளவு வேறு, சோதனை வேறு. வங்கதேசம் 2013-ல் பி.டி. கத்தரியை அனுமதித்தது. நாம் அனுமதிக்கவில்லை. எது சரி என்று வாதிடலாம், ஆனால் வாதிட நம் கையில் சுதந்திரமான சோதனைக்கூடத்தின் எண்கள் வேண்டுமே!

2010 அறிக்கை அதைத்தான் கேட்டது, கத்தரிக்காய்க்கு மட்டும். கேள்வி பழசாகவில்லை, இடம்தான் சின்னது. ஃபார்மலினைக் காட்டிக்கொடுக்கும் காகிதப் பட்டையைக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. மீதி நஞ்சுகளுக்குச் சோதனைக்கூடம் வேண்டும், செலவாகும், சரி. ஆனால் முடிவைத் தமிழில் எழுதிக் காசிமேட்டு வாசலில் ஒட்ட ஒரு பலகையும் சாக்பீஸும் போதும்.